நானூற்றுப் பன்னிரண்டாம் கட்டம்

மேலிருந்து பார்த்தால் சேலம்
ஒரு கை அகலம்தான்.
முப்பது மீட்டருக்கு முப்பது மீட்டராய் வெட்டி,
ஒவ்வொரு கட்டத்தின் ஒளியையும்
இருநூறு இழையாகப் பிரித்து
என் மேசைக்கு அனுப்பியிருந்தார்கள்.

கஞ்சமலையைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை.
இரும்பு,
தொள்ளாயிரமாவது நானோமீட்டர் பக்கத்தில்
ஒளியைக் கொஞ்சம் விழுங்கிவிட்டு
ஒன்றும் தெரியாததுபோல் நிற்கும்.
சேர்வராயன் மேலே கதை வேறு.
சில்வர் ஓக் மரங்கள் குடை பிடித்து நிற்க,
ஏற்காட்டுக் காப்பிச் செடியை
செயற்கைக்கோள் இன்றுவரை பார்த்ததில்லை.
'காடு' என்று எழுதிவிட்டு நகர்ந்தேன்.

வெள்ளைக்கல் சுரங்கத்துக்கு வெளிர்நீலம் கொடுத்தேன்.
அதே வெளிர்நீலம்
கிழக்கே வெகுதூரம் தள்ளி
வாழப்பாடிப் பக்கம், வயல்களுக்கு நடுவே
ஒற்றைக் கட்டமாய் முளைத்தது.
கல்லே இல்லாத இடத்தில்
ஒரு சொட்டுச் சுரங்கம்.

"ஒண்ணுதானே,
பக்கத்து நிறத்தைப் பூசிவிடு" என்றார் துறைத்தலைவர்.
பூசியிருக்கலாம்.

வெயில் உச்சிக்கு வந்தால்தான் அளவு நிற்கும்.
வெளிர் உடுப்பு தன் நிறத்தை மண்ணுக்குக் கடன் கொடுக்கும் என்பதால்
கறுப்புச் சட்டை, கறுப்புப் பேண்ட்.
"மாநாடா சார், சபரிமலையா?"
என்று கேட்டுக்கொண்டே வண்டியை எடுத்தார் தீர்த்தகிரி.

கட்டம் போய் முடிந்த இடம்
ஒரு ஜவ்வரிசி ஆலையின் களம்.
சிமெண்ட் தரை முழுக்க ஈரமாவு.
பலகை வைத்துத் தள்ளித் தள்ளி
கோடு கிழித்துக் காயவைத்துக்கொண்டிருந்தாள் பாவாயி.
கண் கூசியது.

என் தகட்டைத் தரையில் வைத்தேன்.
வெள்ளை என்றால் இதுதான் என்று
ஆய்வகங்கள் எல்லாம் ஒத்துக்கொண்ட தகடு,
என் நான்கு மாதச் சம்பளம்.
ஒரு சிட்டிகை மாவை அதன் ஓரமாய்ப் பிடித்துப் பார்த்தாள்.
"எங்க மாவையே மங்கல்னு
மூட்டைக்கு அம்பது குறைக்கிறான்.
இதக் கண்டா என்ன பண்ணுவான்?"

கருவியைக் குனியவைத்தேன்.
இரண்டாயிரத்து முந்நூறில் ஒரு பள்ளம்,
அச்சு அசல் வெள்ளைக்கல்.
அதற்கு முன்னே, இரண்டாயிரத்து நூறில்
சின்னதாய் இன்னொன்று.
கல்லுக்கு அது கிடையாது.
வேர்விட்டு வளர்ந்தது எதுவோ
விட்டுப்போகும் தடம் அது.
கோளின் படத்திலும் அது இருந்தது.
இரைச்சல் என்று நினைத்து
நான்தான் மழித்திருந்தேன்.

"இந்தப் பள்ளம்தாங்க கிழங்கு."
மடிக்கணினிக்குள் எட்டிப் பார்த்தாள்.
"அப்ப எங்க காட்டுல
தண்ணி எங்க ஓடுதுன்னு சொல்லுமா?
ரெண்டு போரும் புகைஞ்சு போச்சு."

அவள் காடு என்றது
செம்மண் அரை ஏக்கரை.
என் பட்டியலில் அந்தச் சொல்லுக்கு
வேறு நிறம்.

சொல்லாது என்றேன்.
ஒளி மண்ணுக்குள் மயிரிழை ஆழம்கூட இறங்காது.
அதைவிட மோசம்:
தண்ணீர் பேசுகிற இடம் இரண்டு,
ஆயிரத்து நானூறு, ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
அங்கே காற்றின் ஈரமே ஒளியைக் குடித்துத் தீர்த்துவிடும்.
உலகம் முழுக்க அந்த இரண்டையும் வெட்டித்தான் எறிகிறார்கள்.
கோள் வரைந்த கோட்டைத் திறந்து காட்டினேன்,
இரண்டு இடத்தில் அறுந்து கிடந்தது.
"பரவால்ல, இதுக்கும் ரெண்டு போச்சா" என்றாள்.

அப்போதுதான் மலைப்பக்கமிருந்து மேகம்.
நிழல் விழுந்தால் என் அளவு கெடும்,
துளி விழுந்தால் அவள் கூலி.
களமே ஓடியது.
தீர்த்தகிரி தார்ப்பாயைப் பிடித்தார்.
நானும் வாரினேன்,
அள்ளும் முறை தெரியாமல் பாதியைச் சிந்தி,
கறுப்புச் சட்டை முழுக்க மாவாக.
அன்று மழை வரவில்லை.

வகைப்பட்டியலில் எட்டாவதாய்
'மாவுக்களம்' என்று சேர்த்தேன்.
துறைத்தலைவர் ஒன்றும் சொல்லவில்லை.

பதினாறு நாள் கழித்து வந்த படத்தில்
நானூற்றுப் பன்னிரண்டு
சிமெண்ட் சாம்பலில் இருந்தது.
மாவு இல்லை.
முந்தின நாள் மழை,
உள்ளே வாரிவிட்டிருப்பார்கள்.
சுற்றிலும் செம்மண் ஒரு படி கறுத்திருந்தது.

ஈரம் எத்தனை அடி இறங்கியது என்று
அதில் இல்லை.